கூட்ஸ் இன்ஜின் வெந்நீர்

ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்து, இன்றைக்கு முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, இது உங்களுக்கு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். எழுத்துப் பிழையை என் பேத்தி பார்த்துக்கொள்கிறாள். விஷயத்தில் இருக்கும் பிழை என்னுடையது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. தெரியாதவர்களும் இருக்கலாம். என்னிடம் மூன்று கிரேன் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் எந்தக் கம்பெனியில் மிஷின் இறக்கினாலும், எந்தக் கோயில் வேலைக்குக் கருங்கல் தூக்கினாலும், அங்கே என் மஞ்சள் கிரேன் நிற்கும். எங்கே பெல்ட் போடணும், எங்கே போடக்கூடாது என்று கீழே நின்று கை காட்டுகிறவள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். தலையில் செங்கல் சுமந்து வந்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

"எப்படிம்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று யார் மைக்கைக் கொடுத்தாலும் நான் ஒரே கதையைத்தான் சொல்லுவேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கம்மா பட்டுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றில் தண்ணீர் சுமந்தாள். தூரத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டியவள், ஒரு மழை நாளில் நடக்கச் சோம்பல்பட்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த உப்புக் கிணற்றில் மொண்டு ஊற்றிவிட்டாள். கல்யாணப் பட்டு கெட்டது. வேலை போயிற்று. வேலை போனதால் செங்கல் சுமந்தோம். செங்கல் சுமந்ததால் வண்டி வாங்கினேன். வண்டி கிரேன் ஆயிற்று. "எங்கம்மா அன்னிக்கு ரெண்டு தெரு சேத்து நடந்திருந்தா நான் இன்னிக்கும் குடம்தான் தூக்கிக்கினு இருப்பேன்" என்று முடிப்பேன். ஜனம் சிரிக்கும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் சிரிப்பாள்.

அந்தக் கதை தப்பு. அதை நேர்செய்ய வேண்டுமென்றால் ஒரு கூட்ஸ் இன்ஜினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே அப்போது தண்டவாளம் குறுகின சின்ன லைன்தான். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூட்ஸ் வரும். உரமூட்டை, உப்பு, சிமென்ட், நெல் எல்லாம் அதில்தான். பாசஞ்சர் வண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கூட்ஸ் அப்படி இல்லை. அது ஒரு மைல் தள்ளி இருக்கும்போதே எங்கள் வீட்டில் கவிழ்த்து வைத்த அலுமினிய டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொள்ளும். நெஞ்சில் சளி கட்டினவர் படியேறுவது மாதிரி விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வரும். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த இன்ஜினுக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தோம். "பெரியப்பா வந்துட்டாருடோய்" என்று ஒருத்தன் கத்தினால் போதும், சோற்றில் இருக்கிற கையோடு ஓடுவோம்.

பக்கத்துக்கு நான்கு பெரிய சக்கரம். நான்கையும் சேர்த்து ஒரு நீள இரும்புக் கை. அந்தக் கை முன்னால் போய்ப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் தோளும் தானாக அசையும். சக்கரம் என் தலைக்கு மேலே இருந்தது. பெரிய லைனில் இதைவிடப் பெரிய இன்ஜின் எல்லாம் ஓடியதாகப் பின்னால் சொன்னார்கள். ஓடட்டும். அவர்கள் பதினோரு வயதில் பெரியப்பாவின் பக்கத்தில் போய் நின்றதில்லை.

அந்த இன்ஜினின் நெற்றியில் பித்தளைத் தகடு. அதில் எண். கடைசி இரண்டும் ஏழு, ஏழு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மூன்று வருஷம் முயன்று என் மண்டையில் ஏற்ற முடியாததை அந்தத் தகடு ஏற்றிவிட்டது. ஏழு என்ற எண்ணை நான் அங்கேதான் படித்தேன்.

மழைக்காலத்தில்தான் அதன் பாடு தெரியும். தண்டவாளம் நனைந்திருக்கும். பின்னால் நாற்பது பெட்டி கனம். டிரைவர் நீராவியைத் திறந்ததும் சக்கரம் இருந்த இடத்திலேயே கடகடவென்று சுற்றும். வண்டி நகராது. டிரைவர் உடனே மூடுவார். ஃபயர்மேன் இறங்கி வந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளித் தண்டவாளத்தில் தூவிக்கொண்டே முன்னால் நடப்பார். கோலம் போடுகிற மாதிரி. அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொரு பெட்டியாக முனகி நகரும். தன் கனத்தைத் தானே இழுக்க முடியாமல் நின்று, மணல் போட்டதும் மறுபடி இழுத்த அந்த இன்ஜினைத்தான் நான் தொழில் தொடங்கின காலத்தில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

டிரைவர் யாரோடும் பேச மாட்டார். கையில் பஞ்சுக்கழிவை வைத்துக்கொண்டு பித்தளைக் குழாய்களைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஃபயர்மேன் எங்களோடு பேசுவார். எலும்பும் தோலுமாக, தலையில் கட்டின துணி கரியில் கறுத்து, சிரித்தால் பல் மட்டும் தெரிகிற ஆள். நெருப்பில் கரி போடுகிற அதே மண்வெட்டியைக் கழுவி, அதில் கருவாடு வைத்து, நெருப்பு வாயில் காட்டி எடுப்பார். அந்த வாசனைக்கு ஸ்டேஷன் நாய்கள் எல்லாம் வரிசையாக வந்து உட்காரும்.

காஞ்சிபுரத்தில் அது தண்ணீர் குடிக்கும். பிளாட்பாரக் கோடியில் ஒரு இரும்புத் தூண், அதிலிருந்து நீட்டின குழாய், குழாயின் முனையில் தோல் பை. ஃபயர்மேன் இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் இருக்கும் தொட்டி மேல் ஏறி, தோல் பையை உள்ளே இழுத்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிடுவார். ஸ்டேஷன் தொட்டிக்குத் தண்ணீர் பாலாற்றிலிருந்து வருகிறது என்று எங்களுக்கு எல்லாம் தெரியும். பாலாற்றுத் தண்ணீர் பட்டுக்கு நல்லது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிரம்பும்போது ஃபயர்மேன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையாக எதையோ உள்ளே கொட்டுவார்.

"அது இன்னாண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்க பெரியப்பாவுக்கு மாத்திரை. போடலன்னா வவுத்துல கல்லு கட்டிக்கும்."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அப்புறம் வெந்நீர். கரித் தூசி பறக்காமல் நனைப்பதற்கு இன்ஜினுக்குள் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதில் பாய்லரிலிருந்து கொதிக்கிற தண்ணீர் வரும். லைன் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கை அதில் சூடு காட்டுவார்கள். நான் மண்ணெண்ணெய் டின் இரண்டைப் பலகையில் கட்டிக்கொண்டு போவேன். மூன்று பழைய பேரிங் வாங்கி, பலகைக்குக் கீழே நானே மாட்டின வண்டி அது. தெருவில் பையன்களின் வண்டி எல்லாம் கோணிக்கொண்டு ஓடும். என்னுடையது நேராக ஓடும். அதுதான் என் முதல் வண்டி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெந்நீரைத் தம்பியைக் குளிப்பாட்ட வைத்துக்கொள்வோம். அம்மா வேலை முடிந்து வந்ததும் அதில் காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அப்பா செங்கல் சூளையில். மாசத்துக்கு ஒரு தரம் வருவார்.

அம்மாவின் வேலை என்னவென்றால், சாயப்பட்டறைக்கு ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. பட்டறையிலிருந்து செக்குக்காரர் வீட்டைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி, ஏரிக்கரை. ஒரு அண்டாவுக்கு ஏழு நடை. பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு கிணறு இருந்தது, ஆனால் உப்பு. தரை கழுவத்தான் ஆகும். பட்டு நூலை முதலில் சவுக்காரமும் சோடாவும் போட்டு அவிப்பார்கள், பசை போவதற்கு. அதற்கப்புறம் அந்தச் சோடா ஒரு பொட்டு இல்லாமல் அலசி, நல்ல தண்ணீரில்தான் சாயத்துக்குப் போட வேண்டும். தண்ணீர் சரியில்லை என்றால் நூல் நிறத்தைக் குடிக்காது. சாய மேஸ்திரி அம்மா கொண்டுவரும் குடத்தில் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, தலையை ஆட்டின பிறகுதான் அண்டாவில் ஊற்ற விடுவார். கெட்ட மனுஷன் இல்லை. அம்மாவை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசினதில்லை.

அது ஐப்பசி. நான்கு நாளாக மழை. அம்மாவுக்கு ஜுரம். போகாதே என்றால் கேட்கவில்லை. தை மாசக் கல்யாணத்துக்கு ஒரு நெசவுக்காரர் தன் சொந்த மகளின் முகூர்த்தப் புடவைக்கு நூல் கொடுத்திருந்தார். அரக்கு நிறம். ஊருக்கெல்லாம் நெய்து கொடுத்தவர், தன் பெண்ணுக்கு நெய்யப் போகிற நூல்.

"இன்னிக்கி ஒரு நாளு. நாளைக்கி படுத்துக்கறேன்" என்று அம்மா புறப்பட்டுப் போனாள்.

மத்தியானம் நான் பட்டறைக்குப் போனபோது விறகு நனைந்து புகைந்துகொண்டிருந்தது. அண்டாவில் கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை. ஐந்து நடை வந்திருந்தது, ஐந்தையும் மேஸ்திரி ருசி பார்த்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். ஆறாவது நடையை அம்மா என் கண் எதிரில் ஊற்றினாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுப்பு பிடிக்கலன்னா மேஸ்திரி கோச்சிக்குவாரும்மா" என்றேன்.

"நீ ஊது. நான் கடைசி நடைய முடிச்சிக்கினு வந்துர்றேன்."

அவள் போனாள். தூரத்தில் பெரியப்பா ஊதினார். நான் பேரிங் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னா பாப்பா, மூச்சு வாங்குது? வூட்ல கல்யாணமா?" என்றார் ஃபயர்மேன்.

"அம்மாவுக்கு ஜுரம்ணா. பட்டறையில அடுப்பு எரியல."

"தள்ளி நில்லு. கால்ல பட்டா தோலு உரிஞ்சிடும்." இரண்டு டின்னும் வழிய வழிய நிரப்பினார். மேலே வாழை இலையைப் போட்டு மூடிக் கொடுத்தார். "ஓடு, ஆறிடப் போவுது."

ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தேன். அண்டாவில் இரண்டையும் ஊற்றினதும் ஆவி எழுந்தது பாருங்கள், எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. பாலாற்றுத் தண்ணீர், அதுவும் காய்ச்சின தண்ணீர். இதைவிட என்ன வேண்டும் பட்டுக்கு?

அம்மா ஏழாவது நடையோடு வந்தாள். ஊற்றினாள். அண்டாவைப் பார்த்து, "பிடிச்சிக்கிச்சா" என்று மட்டும் கேட்டாள். மேஸ்திரியும் வந்தார். "பரவால்லியே, இந்த மழையில இவ்ளோ சீக்கிரம் காய வச்சிட்டியேம்மா" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவுக்கு நல்ல பெயர் வரட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.

சாயத்தைக் கரைத்து ஊற்றினார்கள். கழியில் தொங்கவிட்ட நூலை அண்டாவில் முக்கி முக்கித் திருப்பினார்கள். சாயம் ஏறுகிறதா என்று நூலைப் பார்க்க வேண்டியதில்லை, தண்ணீரைப் பார்த்தால் போதும். நூல் நிறத்தைக் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வரும். அன்றைக்குத் தண்ணீர் வெளுக்கவில்லை. ரத்தம் மாதிரி அப்படியே நின்றது. நூல் பழைய செங்கல் நிறத்தில், திட்டுத் திட்டாக வந்தது.

மேஸ்திரி அண்டாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"கரிக்குது" என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். "எந்தக் கெணறும்மா?"

"ஏரிக்கர கெணறுதான் மேஸ்திரி."

"ஏழு நடையும்?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. ஜுரத்தில் கண் சிவந்திருந்தது. தரையைப் பார்த்தாள். "ஆமா" என்று சொன்னாள், ஆனால் அதற்குள் நேரம் ஆகிவிட்டது. அங்கே நின்ற எல்லோரும் அந்தத் தாமதத்தைப் பார்த்துவிட்டார்கள். நானும் பார்த்தேன். அம்மா பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். பதினோரு வயதில் ஒரு தாயைப் பற்றி அப்படி நினைத்தால் அது மாறாது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

நெசவுக்காரர் குடையோடு வந்தார். நூலை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "இத எப்படி மேஸ்திரி என் பொண்ணுக்குக் கட்டுவேன்?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் மேஸ்திரி அம்மாவிடம், "ஒடம்பு சரியானதும் வேற எடம் பாத்துக்கம்மா" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அம்மாவுக்கு உப்புத்தண்ணி என்று பெயர் வைத்தார்கள். உங்களில் சிலருடைய அம்மாக்களும் அதில் உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் வாயும் அதில் சேர்த்திதானே. "உப்புத்தண்ணி பொண்ணு" என்று என்னைக் கூப்பிட்டபோது எனக்குக் கூப்பிட்டவர்கள் மேல் கோபம் வரவில்லை. அம்மா மேல் வந்தது.

அம்மா கட்டட வேலைக்குப் போனாள். நான் பேரிங் வண்டியில் செங்கல் ஏற்றினேன். இரண்டு பெண்கள் தலையில் சுமப்பதை நான் ஒரே தடவையில் இழுத்தேன். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். இங்கே அதை நீட்டப் போவதில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

பெரியப்பா ஒருநாள் வராமல் போனார். எந்த நாள் என்று ஞாபகம் இல்லை. அவருக்குப் பதில் டீசல் வந்தது, அதற்கு ஸ்டேஷனில் தண்ணீர் வேண்டியதில்லை. தோல் பை வெயிலில் காய்ந்து வெடித்தது. லைனை அகலமாக்கினபோது தூணையும் பிடுங்கிவிட்டார்கள். இன்ஜினை வெட்டி இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

போன வருஷம் ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினீயரிங் காலேஜிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய நீராவி இன்ஜின் ஒன்றை வாங்கியிருக்கிறார்களாம். எங்கேயோ ஒரு யார்டில் பல வருஷம் செடி முளைத்துக் கிடந்ததைக் கேட்டு வாங்கி, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று காலேஜ் வாசலில் வைக்கப் போகிறார்களாம். டிரெய்லரில் வருகிறது, இறக்கித் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். இரண்டு கிரேன் சேர்ந்து தூக்க வேண்டிய வேலை. ஒரு கிரேன் அரை அடி முந்தினால் எல்லாம் சரிந்துவிடும். என்னைத் தவிர யாரைக் கூப்பிடுவார்கள்?

பித்தளைத் தகடு, விளக்கு, கைப்பிடி எதுவும் இல்லை. கழற்ற முடிந்ததை எல்லாம் யாரோ கழற்றியிருந்தார்கள். நான் நான்கு மணி நேரம் குடை பிடித்துக்கொண்டு நின்று கை காட்டினேன். எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது ஒரு சின்ன டக் சத்தம், அவ்வளவுதான். அடியில் முட்டை வைத்திருந்தாலும் உடைந்திருக்காது.

அதைப் பழுது பார்க்கக் காலேஜ்காரர்கள் ஒரு பிட்டரை வைத்திருந்தார்கள். நீராவி இன்ஜின் ஷெட்டில் வேலை செய்து ரிட்டையர் ஆனவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷுமாக மாசக்கணக்கில் அதன் மேலேயே கிடந்தார்.

"மறுபடியும் ஓடுமாண்ணா?" என்று கேட்டேன்.

"இதுக்கு இனிமே நெருப்பு இல்லம்மா. பாய்லர் தாங்காது. அழுகாம நின்னா போதும்."

அவர் அந்த நீள இரும்புக் கையில் இருந்த மசகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "தகடு போனா இன்னா, நம்பர இதுலயும் குத்தியிருப்பாங்க" என்று துணியால் துடைத்தார். குனிந்து பார்த்தேன். கடைசியில் ஏழு, ஏழு.

நான் அந்த இரும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிட்டர் பெரிய மனுஷர், எதுவும் கேட்காமல் டீ வாங்கப் போனார்.

திறப்பு விழாவுக்கு மைக் கொடுத்தார்கள். சும்மா விடுவேனா? பெரியப்பா, மணல், கருவாடு, மாத்திரை, பேரிங் வண்டி, எல்லாம் சொன்னேன். ஜுரத்தோடு வேலை செய்த அம்மாவுக்காக இந்த இன்ஜினிலிருந்தே வெந்நீர் கொண்டுபோய் அண்டாவைக் கொதிக்க வைத்ததையும் முதல் தடவையாக மேடையில் சொன்னேன், என் சாமர்த்தியத்துக்காக. பிறகு வழக்கமான கதை, உப்புக் கிணறு. பிள்ளைகள் கை தட்டினார்கள். முன் வரிசையில் அம்மா சிரித்தாள்.

கீழே இறங்கினதும் பிட்டர் வந்தார். முகம் சரியாக இல்லை.

"நெசமாவே அந்தத் தண்ணியவா சாயத்துல ஊத்துனீங்க?"

"ஏன், பாலாத்துத் தண்ணிதானே."

"தண்ணி பாலாறுதாம்மா. ஆனா பாய்லருக்குள்ள உப்பு படியக் கூடாதுன்னு சோடா போடுவோம். அந்த ஃபயர்மேன் மாத்திரைன்னாரே, அது சோடாதான். தண்ணி ஆவியாப் போவப் போவ சோடா உள்ளேயே தங்கி ஏறிக்கினே இருக்கும். கைய விட்டா வழவழன்னும். சாயத்துக்கு ஆவுமா ஆவாதான்னு எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். சோடா ஒரு பொட்டு இருக்கக் கூடாது என்று அலசி அலசிப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

இருந்தாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடும் ஒரு தம்பியிடம் போய், ஒரு பிடி நூலை அரக்கு நிறத்துக்குப் போடச் சொன்னேன், தண்ணீரில் சோடா கலந்து.

"வேணும்னே யாராச்சும் நூலக் கெடுப்பாங்களாம்மா?" என்றான்.

"போடுப்பா, சொல்றேன்."

தண்ணீர் வெளுக்கவில்லை. நூல் பழைய செங்கல் நிறத்தில் வந்தது. திட்டுத் திட்டாக. அதே நிறம். நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தம்பி என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு கரண்டி ஆசிட்டை அண்டாவில் விட்டான். "சோடாதான்னு தெரிஞ்சிட்டா சரி பண்ணிக்கலாம்மா, பாருங்க" என்றான். நூல் மெதுவாக நிறம் குடிக்க ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா டிவி எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாது, கைதான் பார்க்கும். டிவியை நிறுத்தினேன்.

"அம்மா, அந்த உப்புத் தண்ணி விஷயம்."

"அதான் நேத்து மைக்குல சொன்னியே. இன்னும் இன்னா?"

"அது உப்புக் கெணறு இல்லம்மா. நான் ஊத்தின இன்ஜின் தண்ணி. அதுல சோடா இருந்திருக்குது. அதான் நூலைக் கெடுத்துச்சு. சாயக்காரத் தம்பிகிட்ட போட்டுப் பாத்துட்டு வரேன்."

கீரை ஆய்கிற கை நிற்கவில்லை. ஒரு காம்பு, இரண்டு காம்பு.

"எத்தினி டின்னு?"

"ரெண்டு. நீ கடைசி நடைக்குப் போனப்போ."

"மேஸ்திரி நாக்குல வச்சிட்டு கரிக்குதுன்னாரே."

"சோடாவும் கரிக்குமேம்மா."

ஆய்ந்த கீரையைத் தட்டில் உதறினாள். அப்புறம், "அன்னிக்கி எனக்கு நல்ல ஜுரம்" என்றாள். "கடைசி நடை எப்படிப் போனேன், எப்படி வந்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. மேஸ்திரி ஏழு நடையுமான்னு கேட்டாரு பாரு, எனக்கே தெரியல. ஒருவேள காலு தானா பின்பக்கக் கெணத்துக்குப் போயிடுச்சோ, இன்னாவோ. கோயில்ல நிக்கும்போதுகூட அந்த வழிய மனசால நடந்து பாப்பேன். பாதி வழியில அழிஞ்சிடும்."

ஐம்பது வருஷமாக இவள் பொய் சொன்னாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ ஐம்பது வருஷமாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"நான் மேடையில சொல்லும்போதெல்லாம் சிரிச்சியேம்மா."

"கதைக்கா சிரிச்சேன்? எம்பொண்ணு மைக்குல பேசுதேன்னு சிரிச்சேன்."

நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் பேத்தி நம்ப மாட்டாள். அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எங்கேயோ பார்த்தாள்.

"செக்குக்காரர் வூட்டாண்ட ஒரு செவல நாயி தொரத்திச்சி. குடத்த எறக்கி வச்சிட்டு கல்லு எடுத்தேன். குனிஞ்சவுடனே கண்ண இருட்டிக்கினு வந்துச்சி, அங்கியே உக்காந்துட்டேன், டேசன்ல கூட்ஸ் ஊதிச்சி. அது என்னிக்கி நடந்துச்சின்னே தெரியாம இருந்தேன்." என் பக்கம் திரும்பினாள். "ஜுரத்தோட நான் தண்ணிக்குப் போனது அந்த ஒரு நாளுதானே?"

"ஆமாம்மா. மறுநாளிலிருந்து நீ போகலையே."

"அப்போ அது அன்னிக்கிதான். கூட்ஸ் ஊதினப்போன்னா கடைசி நடை. குடத்துல தண்ணி இருந்துச்சி. திரும்பி வர்றேன்." விரலால் தரையில் ஒரு கோடு போட்டாள். "செக்குக்காரர் வூட்டு வழியா வர்றேன்னா, ஏரிக்கர கெணத்துலதான் மொண்டிருக்கேன்."

"ஆமா."

"ஏழு நடையும்."

"ஏழு நடையும்மா."

தட்டை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டாள். "மைக்குல சொன்னத மைக்குலயே மாத்திச் சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்ல, அந்தக் குழாயடிக்காரிங்க புள்ளைங்க எல்லாம் உன் பேச்ச கேக்க வர்றாங்க இல்ல?" என்றாள்.

அடுத்த மைக் எப்போது வரும் என்று தெரியாது. அம்மாவுக்கு வயதாகிறது. அதனால் எழுத்தில் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி இல்லை, அந்த நெசவுக்காரரும் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். நூலைக் கெடுத்தவள் நான். எங்கம்மா ஜுரத்தோடு ஏழு நடை போனாள். ஏழும் ஏரிக்கரைக் கிணறு.